எலப்புள்ளி வயலும் இந்தியப் பெருங்கடலும்

கடலாய்வின் பயனைக் கணக்கிடுவோர் மீன்வளம், புயல் எச்சரிக்கை, சுனாமி முன்னறிவிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுவது வழக்கம். கரையோர மக்களின் உயிரைக் காக்கும் பணிகள் அவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாலக்காட்டுக் கணவாயில் கரும்பனைகள் வரப்போரம் நிற்கும் எலப்புள்ளி போன்ற உள்நாட்டு ஊரின் வேளாண்மையும் கடலாய்வுக்குக் கடன்பட்டதே என்பது போதிய அழுத்தத்துடன் பேசப்படவில்லை. ‘இடவப்பாதி’ எனப்படும் தென்மேற்குப் பருவமழை, ‘விரிப்பு’ எனும் முதல் நெற்போகத்தையும், ‘துலா மழை’ எனும் வடகிழக்குப் பருவமழை அணைநீரோடு சேர்ந்து ‘முண்டகன்’ எனும் இரண்டாம் போகத்தையும் தாங்குகின்றன. மலைத்தொடர் விலகி வழிவிடும் இக்கணவாயில் காற்று தடையின்றிக் கடந்துபோவதால், மேற்குச் சரிவுகளில் கொட்டும் அளவுக்குக் கிழக்குப் பாலக்காட்டில் மழை பெய்வதில்லை. ஆகவே பருவம் சற்றே பிசகினாலும் இங்கு இழப்பு பெரிது.

அந்த மழைக்கான ஈரமும் வெப்பமும் கடலில் சேர்பவை. கடற்பரப்பின் வெப்பத்தைச் செயற்கைக்கோள் காட்டிவிடும். அவ்வெப்பம் வாரக்கணக்கில் நீடிக்குமா என்பதை அடிநீரில் தேங்கிய வெப்பமே தீர்மானிக்கிறது. அதை அளப்பவை ஆர்கோ மிதவைகள். ஏறத்தாழ ஆளுயரமுள்ள இவ்வுருளை 1000 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய பத்து நாள் அலைந்து, 2000 மீட்டர் வரை இறங்கி, உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்புற ரப்பர்ப் பைக்குள் செலுத்துகிறது. எடை மாறாமல் பருமன் மட்டும் கூடுவதால் மேலெழும்பி, வழியெங்கும் வெப்பத்தையும் உப்பின் அளவையும் அளந்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்குகிறது. உலகக் கடல்களில் இத்தகையவை ஏறத்தாழ 4000 உள்ளன. இந்தியாவின் பங்கை ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கவனித்துவருகிறது.

1999இல் சஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகதா ஆகியோர் விளக்கிய ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ கடலாய்வுத் துறையின் பெரும்பேறு. பெருங்கடலின் மேற்குப் பகுதி வெம்மையுற்று, சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிரும் நிலை அதன் நேர்மறைக் கட்டம். 1997இல் கடும் எல் நினோ நிலவியும் நாட்டின் பருவமழை பொய்க்காததற்கு இது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. எனினும் இக்கண்டுபிடிப்பை எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவியாகக் கொள்வது பிழை. 2023இல் இருமுனை நேர்மறையாக இருந்தும் கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இருமுனை நன்கு வலுத்தது பருவத்தின் கடைசியில்தான். அதன்பின் வந்த துலா மழையோ இயல்பை மிஞ்சியது. ஆகவே நாடு முழுவதற்குமான ஒரே மழைக்கணிப்புச் சதவீதம் எலப்புள்ளி உழவருக்குப் போதாது. எந்தப் போகம், எந்த மாதம் என்ற பிரிப்பே அவருக்குப் பயன்படும்.

மிதவைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு ஆய்வுலகின் கடமை முடிவதில்லை. கடலில் திரட்டிய தரவு, ஊராட்சி அளவிலான முன்கணிப்பாக, தமிழிலும் மலையாளத்திலும், விரிப்புக்கு விதைக்கும் முன்பே உழவரின் கைக்குச் சேர வேண்டும்.