சித்திரச் சீலையை நெய்தவர் யார்?

பழைமையான பிளெமிஷ் சித்திரச் சீலையொன்று ஏலத்துக்கு வருமானால், காண்போர் முதலில் நோக்குவது அதிலுள்ள விவிலியக் காட்சியைத்தான். ஆயினும் அச்சீலை எங்கே, எப்போது நெய்யப்பட்டது என்பதை அறியக் காட்சி மட்டும் போதாது.

இதற்கு ரபேலின் 'அப்போஸ்தலர் பணிகள்' தக்க சான்றாகும். பாப்பரசர் பத்தாம் லியோவுக்காக ரபேல் 1515, 1516ஆம் ஆண்டுகளில் முழு அளவு மாதிரி ஓவியங்களை வரைந்தார். அவை பிரஸ்ஸல்ஸ் நகரில் பீட்டர் வான் ஆல்ஸ்ட்டின் நெசவுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே ஓவியங்களை நீள்துண்டுகளாக வெட்டிப் பாவு நூல்களுக்குக் கீழே வைத்து, சீலையின் பின்புறத்திலிருந்து நெய்தனர். ஆதலால் நெய்து முடிந்த காட்சி கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடம் வலமாக மாறியது. முதல் ஏழு சீலைகள் 1519 டிசம்பர் 26இல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் தொங்கவிடப்பட்டன.

அதே காட்சிகள் பின்னரும் பிரஸ்ஸல்ஸில் பலமுறை நெய்யப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மோர்ட்லேக்கிலும் நெய்யப்பட்டன. எனவே காட்சி ரபேலுடையது என்பதால் சீலையும் அவர் காலத்ததாகிவிடாது.

அறிஞர்கள் சீலையின் ஓரத்தை ஆராய்வது இதனாலேயே. போலிகளைத் தடுக்க 1528இல் பிரஸ்ஸல்ஸ் நகரம் ஒரு விதியை இயற்றியது. அதன்படி, சிவப்புக் கேடயம் ஒன்றின் இருபுறமும் 'பி' என்ற எழுத்தைப் பொறித்த நகர முத்திரையும், நெசவுக்கூடத்தின் குறியும் சீலையில் நெய்யப்படல் வேண்டும். 1544இல் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் இத்தகைய விதியை நெதர்லாந்துப் பகுதிகள் முழுவதற்கும் விரிவாக்கினார். ஆனால் ஓரம் கிழிந்ததும் அதை வெட்டியெறிந்து புதிய கரை தைப்பது வழக்கமாக இருந்தது. அத்துடன் முத்திரையும் போய்விடும். அப்போது பாவின் நெருக்கமும், கம்பளி, பட்டு, பொன்னிழை ஆகியவற்றின் தன்மையும், கரைக்கோலத்தின் பாணியுமே எஞ்சிய சாட்சிகள். புனிதர் ஒருவர் இடக்கையால் ஆசீர்வதித்தால், மாதிரியைத் திருப்பி வரையாமலே நெய்திருக்கலாம் என ஐயுறலாம்.

இத்தனை சாட்சிகளும் நம்மை ஒரு நகரத்துக்கும், ஒரு நெசவுக்கூடத்தின் உரிமையாளருக்கும் அருகில்தான் கொண்டு செல்கின்றன. ஓவியத்தைவிட நெசவுக்கே பன்மடங்கு செலவானது. எனினும் உலகம் அறிந்திருப்பது ரபேலின் பெயரைத்தான். தறியின் முன் நாள் முழுதும் குனிந்திருந்து புனித பேதுருவின் முகத்தை இழை இழையாக உருவாக்கியவனின் பெயர் எந்த ஓரத்திலும் நெய்யப்படவில்லை.