பாரீஸ் பெண்டிர் உடையில் நவீன சித்திரம்

1905ஆம் ஆண்டில் பாரீஸ் நகரத்து இலையுதிர்காலக் கண்காட்சியில் மத்தீஸ் முதலிய இளஞ்சித்திரக்காரர்கள் தீட்டிவைத்த கலப்பற்ற சிவப்பையும் பச்சையையும் கண்டு திகைத்து, அவர்களைக் காட்டு விலங்குகள் என்று பரிகசித்த விமரிசகர், அவ்வர்ணங்களே சில ஆண்டுகளுக்குள் அந்நகரத்துச் சீமாட்டிகளின் மேலங்கிகளில் ஏறிக்கொள்ளும் என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்.

அதற்கு வழி திறந்தவர் பால் புவாரே என்னும் ஆடைக் கலைஞர். இடையை நெரித்த கச்சையை ஒதுக்கித் தோளிலிருந்து நேரே தொங்கும் அங்கியை அவர் வகுத்ததை ஸ்திரீகளுக்குக் கிடைத்த விடுதலை என்று புகழ்வர். (அதே கை பின்னர் நடக்கவொட்டாதபடி பாவாடையைக் கணுக்காலில் குறுக்கியது வேறு கதை.) ஆனால் சுருக்கமும் மடிப்பும் நீங்கி அகன்று விரிந்த துணி சித்திரக் கிழிக்குச் சமானமாகிவிட்டதால் சித்திரக்காரனுக்கு விளைந்த லாபத்தை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. 1911இல் புவாரே சித்திரக்காரர் ரவுல் துஃபிக்கு ஒரு சிறு அச்சுப் பட்டறை அமைத்துக் கொடுத்தார். அப்பொலினேரின் கவிதை நூலுக்கென்று மிருகங்களையும் பறவைகளையும் மரத்தில் செதுக்கிப் பழகிய துஃபியின் உளி, இப்போது பூவையும் இலையையும் பெரிய அச்சுக் கட்டைகளில் செதுக்கிற்று. நுண்ணிய நிழல்களுக்கு அதில் இடமில்லை. கட்டை பட்ட இடம் அழுத்தமான வர்ணம், படாத இடம் வெறுமை. லியோன் பட்டு வணிகரான பியாங்கினி-ஃபெரியே நிறுவனத்தார் மறுவருஷமே அவரைத் தம்பால் இழுத்துக்கொண்டனர்.

ஆயினும் துஃபி செய்தது துணியின்மேல் சித்திரம் எழுதியதே. உடையையே சித்திரமாக்கியவர் சோனியா தெலோனே. உக்ரேனில் பிறந்து பாரீஸில் குடியேறிய இவ்வம்மையார், 1911இல் தம் குழந்தைக்காகத் தாய்நாட்டுக் குடியானவப் பெண்களைப் போலப் பல நிறத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை, முடிந்ததும் அவர் கண்ணுக்கே, உருவங்களைக் கோணத் துண்டுகளாக்கித் தீட்டும் கியூபிசச் சித்திரமாகத் தோன்றியது. 1913இல் அவ்வாறே ஓர் உடை தைத்து உடுத்திக்கொண்டு புல்லியே நடனசாலைக்குச் சென்றார். அருகருகே அமைந்த வர்ணங்கள் ஒன்றையொன்று தூண்டி அசைவை உண்டாக்கும் என்பது அவரும் கணவர் ரொபேரும் கைக்கொண்ட சித்தாந்தம். சுவரில் மாட்டிய படத்தில் அவ்வசைவு கண்ணின் பிரமை. ஆடும் உடலிலோ அது மெய். ஆதலின் அச்சித்தாந்தம் படத்தைவிட உடையிலேயே நிறைவெய்திற்று என்பது என் துணிபு.

ரஷ்யப் புரட்சியால் சோனியாவுக்குத் தாய்நாட்டிலிருந்து வந்த வருமானம் அற்றுப்போகவே, கலை ஜீவனோபாயமும் ஆயிற்று. 1925ஆம் ஆண்டு அலங்காரக் கலைக் கண்காட்சியில் அவர் அலெக்ஸாந்தர் பாலத்தின்மீது கடை வைத்திருக்க, ஸேன் நதியில் புவாரே மூன்று படகுகளைத் தம் செல்வமெல்லாம் கரைய அலங்கரித்து, ஒன்றில் துஃபியின் சீலைகளைத் தொங்கவிட்டிருந்தார்.