வீதியும் வீடும்

புதுக்கோட்டைக்குப் புதிதாக வரும் ஒருவர், கீழ மூன்றாம் வீதிக்கு வழி கேட்டால் ஊர்க்காரர் நீளமாக விளக்கம் சொல்லமாட்டார். கீழ ராஜ வீதியைக் கைநீட்டிக் காட்டி, "அங்கிருந்து எண்ணிக்கொண்டு போங்கள்" என்பார். நாற்புறமும் நான்கு ராஜ வீதிகள். அவற்றை அடுத்து இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண்களே பெயர்களாக நிற்கின்றன. எண்ணத் தெரிந்த குழந்தைகூட வழி தவறாத ஊர் அது.

நேயர்களே! நான் அந்த வீதிகளில் பிறந்தவன் அல்லேன். எண்ணப்பட்ட வீதிகள் முடிந்துபோகும் இடத்துக்கும் அப்பால், பெயரும் இல்லாமல் எண்ணும் இல்லாமல் கிடந்த ஒரு சந்தில், கீற்று வேய்ந்த வீட்டில் பிறந்தவன். எனக்கு ஒன்பது வயதாக இருக்கையில், ஒரு சித்திரை மாத நண்பகலில், அந்தச் சந்தில் தீப்பிடித்தது. ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குத் தீ தாவுவதற்கு இடைவெளியே இல்லை. தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிய மாட்டுவண்டி சந்தின் வாயிலிலேயே நின்றுவிட்டது. உள்ளே நுழைய வழி இல்லை. ஏழு வீடுகள் எரிந்தன. எங்கள் அன்னையார் தம் கலியாணப் புடவையையும் என் பள்ளிப் புத்தகங்களையும் மட்டும் மீட்டுக்கொண்டு வெளியே வந்தார். நாலு அடி தூரத்தில் இருந்த ஓட்டு வீட்டு வரிசைக்கோ ஒரு சேதமும் இல்லை. அவர்கள் வீடும் சிறியதுதான்; அவர்களும் எங்களைப் போல் ஏழைகள்தாம். பிறகு வேற்றுமை யாது? அந்தக் கேள்வியே பின்னாளில் என்னை வரலாற்றின்பால் இழுத்துச் சென்றது.

புதுக்கோட்டையை 1807 முதல் 1825 வரை ஆண்டவர் விஜயரகுநாதத் தொண்டைமான். அவர் பட்டத்துக்கு வந்தபோது சிறுவராக இருந்தமையால், தஞ்சாவூரில் ஆங்கிலேயரின் ரெசிடென்டாக இருந்த மேஜர் பிளாக்பர்ன் சமஸ்தானத்தின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்து வந்தார். குறுகலான சந்துகளும் கூரை வீடுகளுமாக இருந்த பழைய ஊர், அவருடைய யோசனையின்பேரில், அகலமும் ஒழுங்கும் உள்ள வீதிகளோடு புதிதாக அமைக்கப்பட்டது. இன்று நாம் எண்ணிக்கொண்டே நடக்கும் வீதிகளின் ஒழுங்குக்கு அடிப்படை அதுவே.

நேரான வீதி கண்ணுக்கு அழகு என்பது சிறிய செய்தி. அது வீடு கட்டும் செலவைக் குறைக்கிறது என்பதே பெரிய செய்தி. வீதி நேராக இருந்தால் மனைகள் ஒரே ஆழத்தில் அமைகின்றன. மனைகள் ஒத்திருந்தால், ஒரு வீட்டுக்குத் தச்சர் அறுத்த விட்டத்தின் அளவு அடுத்த வீட்டுக்கும் பொருந்துகிறது. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர் போதுமானதாகிறது. சாக்கடை வளையாமல் ஓடுகிறது. ஓடு ஒன்று உடைந்தால் அந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும். கூரை முழுவதையும் பிரிக்க வேண்டுவதில்லை. ஒரே அளவை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் இம்முறை நேற்றுப் பிறந்ததன்று. சிந்துவெளி நகரங்களில் சுட்ட செங்கற்கள், உயரம் ஒன்று, அகலம் இரண்டு, நீளம் நான்கு என்ற விகிதத்தில் இருந்தன என்பதை மாணவர்கள் அறிவீர்கள். யார் சூளையிலிருந்து வந்தாலும் ஒரு கல் மற்றொரு கல்லோடு பொருந்தவேண்டும் என்ற கருத்து அவ்வளவு பழமையானது.

ஆனால் வீடும் வீதியும் மட்டும் ஊராகிவிடமாட்டா. 1878-இல் புதுக்கோட்டைக்குத் திவானாக வந்து, பின்னர் திவான் ரீஜண்டாகி, 1894 வரை பொறுப்பில் இருந்த அ. சேஷய்ய சாஸ்திரி இதனை நன்கு உணர்ந்தவர். பல்லவன் குளம், புதுக்குளம் முதலிய நீர்நிலைகளை அவர் சீர்திருத்தினார். தனக்கென்று கிணறு வெட்ட வசதியில்லாத குடும்பத்துக்குப் பொதுக்குளமே கிணறு. பொதுவில் உள்ள ஒன்று நன்றாக இருந்தால், ஏழையின் வீட்டில் அந்த ஒன்றுக்கான செலவு மிச்சமாகிறது.

இதே மாவட்டத்தில், திருமயம் வட்டத்தில், இராயவரம், கோனாப்பட்டு, கடியாபட்டி போன்ற நகரத்தார் ஊர்களுக்குச் சென்று பாருங்கள். அவை செல்வர் வீடுகள் என்பது உண்மை. எனினும் அவற்றின் அமைப்பில் ஏழைக்கும் பயன்படும் பாடம் ஒன்று இருக்கிறது. நடுவே வானம் பார்த்த வளவு. அதனைச் சுற்றி ஒத்த அளவுள்ள அறைகளின் வரிசை. மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் அவற்றில் இடம் உண்டு. அறை அவனுடையது, வெளிச்சமும் காற்றும் தரும் வளவு அனைவருக்கும் உரியது. தனக்குரியது சிறிதாக இருந்தாலும், பொதுவில் உள்ளது பெரிதாக இருப்பதால் எவரும் நெருக்கடியை உணர்வதில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 1961-இல் வீட்டு வசதி வாரியச் சட்டம் வந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. அது 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஒரே அளவுள்ள வீடுகளை அடுக்கடுக்காகக் கட்டும் முறை இன்று பரவிவிட்டது. செலவைக் குறைக்கும் வழிகளும் பல உள்ளன. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைப் பரப்பினார். அதனால் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம். சுவருக்குள் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது.

இவை யாவும் நல்லனவே. ஆயினும், அறையை மட்டும் திரும்பத் திரும்பக் கட்டி, வளவையும் குளத்தையும் அகன்ற வீதியையும் மறந்துவிட்டால், நாம் செங்குத்தாக நிற்கும் ஒரு சந்தையே கட்டியவர்கள் ஆவோம். அக்காலத்தில் வகுத்த அளவு எங்கள் சந்துவரை வந்து சேரவில்லை. கோடு எங்கே முடிந்ததோ, அங்கே தீக்கு வழி திறந்தது. எங்கள் ஏழு வீடுகளையும் எரித்தது வறுமை மட்டும் அன்று; கடைசி வரிசைவரை நீட்டப்படாத அந்தக் கோடும்தான்.

மாணவர்களே! வரும் விடுமுறையில் ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவின் அகலத்தை அளந்து பாருங்கள். தீயணைப்பு வண்டி அதில் நுழையுமா, மழைநீர் எங்கே போய்ச் சேருகிறது, குழந்தைகள் விளையாட நிழல் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் ஊரின் கடைசிச் சந்துக்கும் சென்று அதே கயிற்றால் அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வேற்றுமையே, நாளைப் பொறியாளராகவும் நகராட்சி உறுப்பினராகவும் ஆகப்போகும் நீங்கள் செய்யவேண்டிய வேலை.