வீட்டு வயலில் பிறந்த பாடம்

செயல்திட்ட வழிக் கற்றல் என்றதும் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்கள் கில்பாட்ரிக்கின் பெயரைச் சொல்லும். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியிலிருந்து 1918இல் அவர் எழுதிய கட்டுரைதான் அம்முறையை உலகெங்கும் கொண்டுபோனது. ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்தாம்ப்டனில் ஒரு வேளாண் பள்ளியில், உழவர் வீட்டுப் பிள்ளைகளிடம் அது வேர்பிடித்துவிட்டது.

அந்தப் பள்ளி எழுந்ததே ஒரு கதை. ஆலிவர் ஸ்மித் என்ற செல்வந்தர் 1845இல் இறந்தார். வேளாண் பள்ளிக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, 60 ஆண்டுகள் கழித்தே அதைத் தொட வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். உயிலுக்காக வாதாடியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் டேனியல் வெப்ஸ்டர். உயில் நின்றது. 1908இல் பள்ளி திறந்தது.

அதற்குத் தலைமையேற்ற ரூஃபஸ் ஸ்டிம்சன் ஹார்வர்டில் தத்துவமும் யேலில் இறையியலும் படித்தவர். கனெக்டிகட் வேளாண் கல்லூரியின் தலைவர் பதவியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

வேளாண் பள்ளி என்றால் சொந்தப் பண்ணை இருக்க வேண்டும், மாணவர்கள் அதில் உழைக்க வேண்டும் என்பதே அன்றைய வழக்கம். ஸ்டிம்சனுக்கு அதில் நிறைவில்லை. பண்ணை பள்ளியுடையது; லாப நஷ்டமும் பள்ளியுடையது. பையன் சொன்ன வேலையைச் செய்துவிட்டுக் கை கழுவிக்கொள்ளலாம். எந்த விதை, எவ்வளவு உரம், எப்போது அறுவடை என்று முடிவெடுக்கும் பாரம் அவன் தோளில் ஏறுவதே இல்லை.

ஆகவே பாடத்தை அவன் வீட்டுக்கே அனுப்பினார். பெற்றோர் சம்மதத்தோடு ஒரு துண்டு நிலமோ சில கோழிகளோ மாணவன் பொறுப்புக்கு வரும். அதற்கு வேண்டிய மண், எரு, தீவனம் பற்றியே வகுப்பில் படிப்பான், வீட்டில் செய்வான், வரவு செலவைத் தன் கையால் எழுதுவான். ஆசிரியர் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார், கோடையிலும்கூட. பயிர் வளர்வதே அப்போதுதானே! விளைவித்து விற்பது, புதியதொன்றைச் சோதிப்பது, இருப்பதைச் சீர்செய்வது என்று இந்தச் செயல்திட்டங்களை ஸ்டிம்சன் வகைப்படுத்தினார். 1911இல் மாநில அரசு அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது. 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம், வேளாண் கல்விக்கு மத்திய அரசின் பணம் வேண்டுமானால் மாணவருக்கு ஆண்டில் ஆறு மாதமாவது பண்ணைப் பயிற்சி வேண்டும் என்றது.

அடுத்த ஆண்டு கில்பாட்ரிக் அந்தக் கருத்தை வயலிலிருந்து எடுத்து எல்லா வகுப்புக்கும் விரித்தார். மனம் ஒன்றி, ஒரு நோக்கத்தோடு செய்யும் எதுவும் செயல்திட்டமே. ஒரு சிறுமி தனக்குச் சட்டை தைப்பதும் அப்படியே. நோக்கம், திட்டம், செயல், மதிப்பீடு என்று நான்கு படிகள். இதனால் அது எங்கும் பரவியது உண்மை. ஆனால் கணக்கு நோட்டும் வீடு தேடி வரும் ஆசிரியரும் வழியில் உதிர்ந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். இன்று நம் வீடுகளில் ‘ப்ராஜெக்ட்’ என்றால் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும். இரவு கண்விழித்து ஒட்டுவது அம்மா.

முதல்முறையாகச் செயல்திட்டம் தொடங்கும் ஆசிரியருக்கு நான் ஸ்டிம்சனைத்தான் காட்டுவேன். பள்ளியில் ஒழுகும் குழாய் இருக்கிறதா? ஒரு நாளில் எத்தனை குடம் வீணாகிறது என்று பிள்ளைகளே அளக்கட்டும், செலவைக் கணக்கிடட்டும், தலைமை ஆசிரியரிடம் பேசிச் சரிசெய்ய வைக்கட்டும். அடுத்த வாரம் மறுபடி அளக்கட்டும்.