கேதார்நாத் நடைவழி: தொலைவையும் வேகத்தையும் திட்டமிடுதல்

உத்தராகண்ட் மாநிலம் ருத்ரபிரயாக் மாவட்டத்திலுள்ள கேதார்நாத் கோயில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. நடைப்பயணம் தொடங்கும் கௌரிகுண்ட் சுமார் 1,980 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2013ஆம் ஆண்டு வெள்ளத்தில் ராம்பாடா பகுதியின் பழைய பாதை அழிந்தபின், மந்தாகினி ஆற்றின் எதிர்க்கரை வழியாகப் புதிய பாதை அமைக்கப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பழைய பயண நூல்களில் காணப்படும் 14 கிலோமீட்டர் என்னும் கணக்கைக் கொண்டு திட்டமிடுதல் கூடாது.

முதியோரும் இதயநோய், ஆஸ்துமா, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோரும், அவர்களுடன் செல்லும் குடும்பத்தினரும் இப்பயணத்தை எவ்வாறு பகுத்துக்கொள்ளலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

தொலைவை மணிக்கணக்கில் அளத்தல்

சமவெளியில் 16 கிலோமீட்டர் என்பது நான்கு மணிநேர நடை. இங்கு அக்கணக்கு பொருந்தாது. மலைநடைக்கு நைஸ்மித் என்பவர் 1892இல் வகுத்த எளிய விதி இன்றும் பயன்பாட்டில் உள்ளது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணிநேரம். இதன்படி 1,600 மீட்டர் ஏற்றமுள்ள இவ்வழிக்கு ஓய்வின்றி நடக்கும் திடகாத்திரமான இளைஞருக்கே ஏறத்தாழ ஆறு மணிநேரம் தேவை. நடுத்தர வயதினர் எட்டு முதல் பத்து மணிநேரம் ஒதுக்குவது முறையாகும்.

வழி முழுவதும் ஒரே தன்மை உடையதன்று. கௌரிகுண்டிலிருந்து பீம்பலி வரையிலான முதல் ஆறு கிலோமீட்டரில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகம் இயலும். ஆற்றைக் கடந்தபின் லிஞ்சோலி வரையிலான ஐந்து கிலோமீட்டர் மிகவும் செங்குத்தானது. அங்கு மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தால் போதுமானது. எஞ்சிய ஐந்து கிலோமீட்டரில் சரிவு குறைந்தாலும் காற்றின் அடர்த்தியும் குறைந்திருக்கும். கோயிலை அடையும்போது ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. முதல் ஆறு கிலோமீட்டரில் உற்சாகமாக விரைந்தவர்களே லிஞ்சோலி ஏற்றத்தில் சோர்ந்து அமர்கின்றனர்.

காலை ஐந்து மணிக்குப் புறப்படுபவர் இந்த வேகத்தில் நண்பகலில் லிஞ்சோலியையும், மாலை நான்கு மணி அளவில் கோயிலையும் அடையலாம். பிற்பகல் ஒரு மணிக்குள் லிஞ்சோலியை அடையாதவர் அன்று மேலே செல்லாமல் அங்கேயே தங்குவது நல்லது. அங்குத் தங்கும் வசதி உண்டு. இந்த நேர எல்லையைப் புறப்படும் முன்பே குடும்பத்தினர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பாதி வழியில் களைப்புற்ற நிலையில், 'இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே' என்னும் எண்ணமே மேலோங்கும்.

நடையின் வேகத்தை அறிதல்

சரியான வேகத்தை அறியக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச இயலுமாயின் வேகம் சரி. இரண்டு சொற்களுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் மிகுதி. விரைந்து நடந்து நெடுநேரம் அமர்வதைவிட, மெதுவாக நடந்து மணிக்கொருமுறை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓய்வெடுப்பது இதயத்துக்கு எளிது. நெடுநேரம் அமர்ந்தால் வியர்வையில் நனைந்த உடல் குளிர்ந்துவிடும்.

குழுவின் வேகம், அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே ஆகும். உடன் செல்பவர் நோயாளிக்கு முன்னால் செல்லாமல் பின்னால் நடக்க வேண்டும். அப்போதுதான் தள்ளாட்டமும் மூச்சிரைப்பும் கண்ணில் படும். மருந்துப்பை, தண்ணீர், மழைக்காப்பு உடை ஆகியவை குதிரையில் முன்கூட்டியே சென்றுவிடாமல் கைவசம் இருத்தல் அவசியம்.

உயரத்துக்கு உடல் பழகுதல்

கால் வலிமையும் உயரத்தைத் தாங்கும் திறனும் வெவ்வேறானவை. அலிபிரி வழியாகத் திருமலைக்கு 3,550 படிகளைத் தடையின்றி ஏறியவர்களும் கேதார்நாத்தில் உயரநோய்க்கு ஆளாகலாம். ஏனெனில் திருமலை 1,000 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. உயரநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தோன்றுகிறது. 3,000 மீட்டரைக் கடந்தபின் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருத்தல் மருத்துவர்களின் பொது அறிவுரை. கௌரிகுண்டிலிருந்து ஒரே நாளில் கோயிலை அடைந்து அங்கு உறங்குபவர், உடல் பழகுவதற்கு இடமளிக்காமல் ஒரே இரவில் 1,600 மீட்டர் உயர்ந்துவிடுகிறார்.

ஆகவே ரிஷிகேஷிலிருந்து வந்த மறுநாளே ஏறத் தொடங்காமல், குப்தகாசி அல்லது சோன்பிரயாகில் இரண்டு இரவுகள் தங்குதல் நலம். ஏறும்போது லிஞ்சோலியில் ஓர் இரவு தங்குவது மேலும் பாதுகாப்பானது. நான்கு தலங்களுக்கும் செல்வோர் முதலில் 3,000 மீட்டரைத் தாண்டிய கங்கோத்ரியில் தங்கியிருந்தால், அது ஓரளவு உதவும்.

ஹெலிகாப்டரில் செல்வது நடையைத் தவிர்க்கிறதே தவிர உயரத்தைத் தவிர்ப்பதில்லை. சில நிமிடங்களில் மேலே இறங்குபவரின் உடலுக்குப் பழக நேரமே இல்லை. குதிரையிலும் டோலியிலும் செல்வோருக்கும் இது பொருந்தும். அசையாமல் அமர்ந்திருப்பதால் அவர்களைக் குளிரும் எளிதில் தாக்கும்.

திரும்ப வேண்டிய அறிகுறிகள்

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் ஆகியவை மேலே சென்ற சில மணிநேரத்தில், பெரும்பாலும் முதல் இரவில் தோன்றும். இவை இருக்கும்வரை மேலும் ஏறுதல் கூடாது. ஓய்விலிருக்கும்போதும் மூச்சுத் திணறுதல், இடைவிடாத இருமல், நுரையுடன் கூடிய அல்லது இளஞ்சிவப்பான சளி ஆகியவை நுரையீரலில் நீர் கோத்திருப்பதைக் காட்டுகின்றன. குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்க இயலாமை, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத உறக்கம் ஆகியவை மூளை வீக்கத்தின் அடையாளங்கள். இவ்விரு நிலைகளிலும் விடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள மருத்துவ முகாமை அணுகி ஆக்சிஜன் பெறுவதுடன், நோயாளியை உடனே கீழே இறக்க வேண்டும். அவரை நடக்கவிடாமல் சுமந்து செல்வது நல்லது. அவசர ஊர்தி உதவிக்கு 108 எண்ணை அழைக்கலாம். மார்பு வலியை 'வாயு' என்று எண்ணித் தாமதிப்பதும் ஆபத்தானது.

புறப்படும் முன்

ஆறு வாரங்களுக்கு முன்பே நாள்தோறும் அரைமணி நேர நடையைத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிப் படியேற்றத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு மாடி ஏறும்போதே மார்பு இறுக்கமோ கடும் மூச்சிரைப்போ ஏற்படுபவர் இதய மருத்துவரின் ஒப்புதலின்றிப் பயணத்தை உறுதிசெய்தல் கூடாது. உயரநோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே உட்கொள்ள வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருப்பின் முன்னரே தெரிவிக்க வேண்டும். மலைமேல் மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சைத் தளர்த்தும். இன்சுலின் உறைந்தால் பயனற்றதாகிவிடும் என்பதால், அதைப் பைக்குள் வைக்காமல் உடலையொட்டிய உள்சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். குளுக்கோமீட்டரும் கடுங்குளிரில் தவறான அளவைக் காட்டக்கூடும். அதையும் அவ்வாறே வைத்துக்கொள்க.