நஞ்சுக்கும் ஒரு முகம் உண்டு!

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவரா நீங்கள்? சின்ன வயசில் துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பீர்கள். 'மொதல்ல டி.டி. ஊசி போடணும், வா' என்று அம்மா கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பார். ஒரு ஆணிக்கு இவ்வளவு அமர்க்களமா?

பயம் ஆணியைப் பற்றி அல்ல... அதில் ஒட்டிய மண்ணைப் பற்றி! காற்றில்லாத இடத்தில் பெருகும் ஒரு பாக்டீரியா அங்கே பதுங்கியிருக்கும். அதன் நஞ்சு நரம்புக்குள் போனால் தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும். அதுதான் டெட்டனஸ்!

இந்த நஞ்சுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. பெயர், பாட்டுலினம். 1895-ல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில், சாவுக்கு வாசிக்க வந்த பேண்டு கோஷ்டி பன்றிக்கறி சாப்பிட்டது. மூன்று பேர் பிணமானார்கள். அந்தக் கறியிலிருந்து கிருமியைப் பிடித்தவர் எமில் வான் எர்மெங்கம். டெட்டனஸ் தசைகளை இறுக்கும், இதுவோ தளர்த்திவிடும். கடைசியில் மூச்சும் நின்றுபோகும்!

ஆள் சிக்கியாச்சு. ஆனால், அவன் எப்படி வேலை செய்கிறான்? சாதாரண மைக்ராஸ்கோப்பில் பாக்டீரியா தெரியும்; அது கக்கும் நஞ்சு தெரியாது. ஒளியின் அலையே அந்த நஞ்சைவிடப் பல மடங்கு பெரிசு! 1931-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சிப் பார்க்கும் கருவியைச் செய்தார்கள். வழி திறந்தது.

1993-ல் ஷ்மிட், ராபின்சன் ஆகியோருடன் நம்ம நாட்டுப் பெயர் ஒன்று — பிபூதி தாஸ்குப்தா. கொழுப்புச் சவ்வாலான குட்டிப் பைகளில் பாட்டுலினம் நஞ்சை விட்டு, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சவ்வில் அது போட்ட ஓட்டை தெரிந்தது! திருடன் கன்னம் வைத்த இடம் கிடைத்த மாதிரி!

2000-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் சுவாமிநாதன், ஈஸ்வரமூர்த்தி இருவரும் எக்ஸ்-ரே முறையில் 'பி' வகை நஞ்சின் அமைப்பை நுணுக்கமாக வரைந்து காட்டினார்கள். மூன்று பாகம்: ஒன்று நரம்பில் ஒட்டும், ஒன்று ஓட்டை போடும், ஒன்று கத்தரிக்கோல். எதை வெட்டும்? நரம்பு தன் சேதியை வெளியே அனுப்ப உதவும் புரதத்தை! 2008-ல் 'ஈ' வகையை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அதே மூன்று பாகங்கள் வேறு மாதிரி மடங்கியிருந்தன. ஒரே குடும்பம்தான்... முகம் வேறு!

முகம் தெரிந்தால்தானே எங்கே மடக்கலாம் என்று யோசிக்க முடியும்?

அது சரி, அந்த ஊசியில் என்ன இருந்தது தெரியுமா? ஃபார்மலின் போட்டு விஷத்தன்மையை முறித்த அதே டெட்டனஸ் நஞ்சு! கொல்லும் சக்தி போய்விட்டது. உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு உருவம் மட்டும் மிச்சம்.

விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் தேடிய முகத்தை உங்க ரத்தம் அன்னிக்கே பார்த்து ஞாபகம் வச்சுக்கிச்சு!