தபலா இல்லாத பத்து ராகம்

1982இல் இந்திய கிராமபோன் கம்பெனி ஓர் எல்.பி. இசைத்தட்டை வெளியிட்டது. 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று பெயர். சீந்துவாரில்லை. டிஸ்கோவுக்கு அன்று பஞ்சமில்லை. பாட்டும் இல்லாமல் தபலாவும் இல்லாமல் ஒரே தாளத்தில் ஓடும் ராகத்தைக் கேட்கத்தான் ஆளில்லை.

வாசித்தவர் பம்பாய் சரண்ஜித் சிங். ஆர்.டி. பர்மன் போன்றவர்களிடம் கிட்டார் வாசித்தவர். சினிமா சோறு போட்டது. இது சொந்த ஆசைக்குச் செய்தது. பிழைப்பு ஒருபுறம், பித்து ஒருபுறம் என்பது எல்லா ஊரிலும் உண்டு போலும்.

சிங் சிங்கப்பூரில் வாங்கிய பெட்டி ரோலண்ட் டிபி-303. தனியாக வாசிக்கும் கிட்டார்காரருக்கு பேஸ் துணை கொடுக்கவென்று ஜப்பானியர்கள் செய்தது. அந்த வேலைக்கு அது தேறவில்லை. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். கமகத்துக்கு வேறென்ன வேண்டும்? டிஆர்-808 தாளம் போட, 303 ராகத்தின் சுரங்களையே திரும்பத் திரும்ப உருட்ட, மேலே ஜூபிடர்-8 சிந்தசைசரில் கையால் ஆலாபனை. காஞ்சி வரதர் புறப்பாட்டில் நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுபவர் மூச்சு விடாமல் ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த நிலைதான் இங்கே இயந்திரத்துக்கு.

2002இல் எடோ போமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் இந்தத் தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் மறுபதிப்பு வந்தது. இதே 303ஐ வைத்து சிகாகோவில் ஃபியூச்சர் குழு செய்த, ஆசிட் ஹவுஸ் இசையின் தொடக்கம் எனப்படும் 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது 1987இல்தான். ஆகவே ஆசிட் ஹவுஸ் இசையையே சிங்தான் கண்டுபிடித்தார் என்று கிளம்பிவிட்டார்கள். அது மிகை. சிகாகோக்காரர்கள் இவரைக் கேட்டு வாசிக்கவில்லை. அதே பெட்டியிடம் வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். இவருடைய பெருமைக்கு அந்தப் பட்டம் தேவையுமில்லை.

எழுபது தாண்டிய பிறகு ஐரோப்பிய மேடைகளில் இதே ராகங்களை வாசித்தார். 2015இல் மும்பையில் காலமானார். கேட்க நினைப்பவர்கள் மால்கௌன்ஸில் தொடங்குங்கள். நம் ஹிந்தோளம்தான், அடையாளம் தெரிய அதிக நேரம் ஆகாது.